நாலாவது ரிம்

ரிம்காரரைப் பற்றி ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மனிதர் ஏமாற்றுக்காரர் இல்லை. ஏமாற்றுக்காரராக இருந்திருந்தால் இந்தக் கதைக்கே வேலை இல்லை. பொய்யைச் சொல்லிவிட்டு, வயிறாரச் சாப்பிட்டு, குறட்டை விட்டுத் தூங்கியிருப்பார். இவருக்குப் பொய் சொல்லவும் வராது, சொன்னபிறகு தூங்கவும் வராது. இப்படிப்பட்டவர் பொய் சொல்லலாமா? சொன்னார். அதுவும் யாரிடம்? பெண் கொடுத்த இடத்தில்.

அவர் தொழில், கார்களின் அலாய் சக்கரங்களைப் புதுப்பிப்பது. வெயிலும் மழையும் பட்டுப் பட்டு அந்த ரிம்களின் மேலே இருக்கும் லாக்கர் என்ற பளபளப்புப் பூச்சு ஒருநாள் கைவிட்டுவிடும். ஒரு சின்னக் கல் தெறித்து ஓரத்தில் ஒரு புள்ளி விட்டுப்போனால் போதும், அதன் வழியே ஈரம் புகுந்துகொள்ளும். பூச்சுக்கு அடியிலேயே வெள்ளை வெள்ளையாகக் கோடு நெளிந்துகொண்டு போகும், புழு ஊர்ந்த தடம் மாதிரி. அப்புறம் நகத்தால் தொட்டாலே தோல் தோலாக உரியும். அந்தப் பழைய பூச்சு மொத்தத்தையும் கழற்றி, உலோகத்தை வெறும் உலோகமாக்கி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர், அதன்மேல் வெள்ளி நிறம், அதன்மேல் புது லாக்கர் என்று ஏற்றிக்கொண்டு வர வேண்டும். ஈரம் காய்வதற்குள் யாராவது பக்கத்தில் போனால் "தொடாதே!" என்று தெருவே அதிரக் கத்துவார். அதனால் அந்தத் தெருவில் அவர் பட்டறைக்குத் 'தொடாதே கடை' என்றே பெயர். கடைப் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

மகளுக்குக் கல்யாணம் ஆகி ஏழு மாதம் ஆகியிருந்தது. சம்பந்தி முப்பத்திரண்டு வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். முப்பத்திரண்டு வருடத்தில் ஒரு கோழியைக்கூட இடித்ததில்லை என்பதை மீட்டர் பார்க்க வருகிறவனிடம்கூட நிறுத்திவைத்துச் சொல்லுவார். நல்ல மனிதர், சிரிப்புக்காரர், கொஞ்சம் சத்தக்காரர். அவருடைய பழைய காரின் சக்கரங்களைப் பார்த்ததும் ரிம்காரருக்குக் கை அரிக்க ஆரம்பித்துவிட்டது.

"என்ன சம்பந்தி, சொறி பிடிச்ச மாதிரி வச்சிருக்கீங்க? என் பொண்ணு போற வண்டி இப்படியா இருக்கணும்? குடுங்க, நான் பண்ணித் தரேன்" என்று அவராகவே வலியப் போய்க் கேட்டார். சனிக்கிழமை காலையில் தந்துவிடுவதாக வாக்கும் கொடுத்தார். யாரும் கேட்கவில்லை, அவராகவே கொடுத்தார்.

மூன்று ரிம்கள் சொன்னபடி கேட்டன. பூச்சைக் கரைக்கும் பசையைத் தடவி ஒரு மணி நேரம் விட்டால் பழைய லாக்கர் கொப்புளித்துக்கொண்டு எழுந்தது, சுரண்டினால் வந்துவிட்டது. நாலாவதுதான் சண்டி. எப்போதோ யாரோ அதற்கு மட்டும் தனியாகக் கனமான பவுடர் பூச்சு ஏற்றியிருக்கிறார்கள். மூன்று முறை பசை தடவியும் அசைந்து கொடுக்கவில்லை. மணலைப் பீய்ச்சிச் சுத்தம் செய்யலாம் என்றால் அந்த மெஷினின் குழாய் வெடித்துக் கிடந்தது, புதுக் குழாய் திங்கட்கிழமைதான் வரும். அன்றைக்கு வெள்ளி. மதியம் இரண்டு மணி.

பட்டறையின் மூலையில் பெயின்ட் காய வைக்கிற அடுப்பு ஒன்று இருக்கிறது, ஆள் உயரத்துக்கு, இரும்பு அலமாரி மாதிரி. அதில் வெப்பத்தைக் கூட்டும் திருகில் அவரே சிவப்பு பெயின்டால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தார். அந்தக் கோட்டைத் தாண்டித் திருகினால் எப்பேர்ப்பட்ட பூச்சும் ஒரு மணி நேரத்தில் சாம்பலாக உதிர்ந்துவிடும். சுலபமான வேலை. ஆனால் பூச்சோடு சேர்ந்து ரிம்மின் பலமும் போய்விடும். தொழிற்சாலையில் அளவு பார்த்து வெப்பம் கொடுத்துத்தான் அந்த உலோகத்துக்கு உறுதி ஏற்றியிருப்பார்கள். அளவு தாண்டி மறுபடி சுட்டால் அது உள்ளுக்குள் தளர்ந்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. பளபளவென்று நிற்கும்.

இது ரிம்காரருக்குத் தெரியாததா? இதற்காகவே ஒரு வேலையாளை நாலு பேர் முன்னால் வைத்து வாங்கு வாங்கென்று வாங்கி வெளியே அனுப்பியவர் அவர். "குடும்பத்தோட போறவன் ஓட்டற சக்கரம்யா இது! உனக்கு ஒரு மணி நேரம் மிச்சம், அவனுக்கு உயிரு மிச்சமாகுமா?" என்று அன்றைக்கு அவர் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரரே எழுந்து வந்து பார்த்தார். அந்த ஆள் கண் கலங்கத் துண்டை எடுத்துக்கொண்டு போனான்.

அதே மனிதர் அந்த வெள்ளிக்கிழமை பட்டறையில் இருந்தவர்களைச் சாப்பிட அனுப்பிவிட்டு, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, திருகைச் சிவப்புக் கோட்டைத் தாண்டித் திருகினார். ஒரே ஒரு ரிம்தானே, ஒரே ஒரு தடவைதானே என்று தனக்குத்தானே சமாதானம் வேறு. சம்பந்தியிடம் போய் "திங்கட்கிழமை ஆகும்" என்று சொல்லியிருந்தால் அவர் "ஆகட்டுமே" என்றிருப்பார். அதைச் சொல்லக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. கௌரவமாம், கௌரவம்!

சனிக்கிழமை காலையில் நாலு ரிம்களும் கண்ணாடியாய் நின்றன. நாலாவதுதான் நாலிலும் அழகு. சம்பந்தி குனிந்து அதில் முகம் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டார். "என் சம்பந்தி கை பட்டா கரியும் வெள்ளியாகும்" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். ரிம்காரர் சிரித்துவைத்தார். அந்த நாலாவது ரிம்தான் முன்பக்கம், ஓட்டுகிறவருக்கு அடுத்த இருக்கையின் பக்கம் மாட்டப்பட்டது. அவர் கையாலேயே மாட்டினார்.

இரண்டு மாதம் ஒன்றும் ஆகவில்லை. அவரும் கிட்டத்தட்ட மறந்துவிட்டார்.

ஒருநாள் மதியம் சம்பந்தி ஆட்டோவில் வந்து இறங்கினார். பின்னாலேயே மாப்பிள்ளை, கையில் ரிம். முகம் செத்துப் போயிருந்தது. மாப்பிள்ளை ஒரு வங்கியில் கணக்கர். அதிர்ந்து பேசத் தெரியாத பிள்ளை.

"பாருங்க சம்பந்தி, உங்க மாப்பிள்ளை பண்ணின லட்சணத்தை! நீங்க தங்கம் மாதிரி பண்ணிக் குடுத்தீங்க. இவன் குழியில விட்டு வளைச்சிட்டு வந்திருக்கான்."

"சின்னக் குழிதான்ப்பா. மெதுவாத்தான் போனேன்" என்றான் மாப்பிள்ளை.

"வாயை மூடுடா. முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டினவன்கிட்ட கதை விடாதே. மெதுவாப் போனா ரிம் வளையுமா? சம்பந்தி, நீங்களே சொல்லுங்க. உங்களைவிட யாருக்குத் தெரியும்?"

பட்டறையில் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரிம்காரர் ரிம்மை வாங்கித் திருப்பினார். நல்ல அலாய் அடி வாங்கினால் வெடிக்கும், விரிசல் விடும். இது பிசைந்த மாவில் கட்டைவிரலை அழுத்தினாற்போல மழுங்கி உள்வாங்கியிருந்தது. அரத்தை எடுத்து உட்பக்கம் ஒரே ஒரு இழுப்பு இழுத்தார். சோப்பைச் சீவினது மாதிரி வந்தது. அவ்வளவுதான், அவருக்குத் தெரிந்துவிட்டது.

அந்த ஒரு நிமிடத்தில் வாயைத் திறந்திருக்க வேண்டும். "மாப்பிள்ளை மேல தப்பில்ல, என் மேலதான்" என்று ஒரு வார்த்தை. நாக்கு எழவில்லை. சுற்றிலும் அவரிடம் வேலை கற்றவர்கள். எதிரே மகளைக் கட்டிக்கொடுத்த வீடு. கடைசியில் நாக்கு எழுந்தபோது அது வேறு ஒன்றைச் சொன்னது.

"குழி கொஞ்சம் பெருசாத்தான் இருந்திருக்கும் மாப்பிள்ளை. வேகத்துல தெரிஞ்சிருக்காது."

மாப்பிள்ளை அவரை நிமிர்ந்து பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "இருக்கலாம் மாமா" என்றான்.

சரி, சொல்லித் தொலைத்தாயிற்று. அந்த ரிம்மையாவது திருப்பிக் கொடுக்காமல் இருந்தாரா? இல்லை. வேறு ரிம் கொடுத்தால் ஏன் என்று கேள்வி வரும். அதனால் அதையே மரச் சுத்தியலால் தட்டி நேராக்கி, உருட்டிப் பார்த்து, மறுபடி லாக்கர் அடித்து மாட்டி அனுப்பினார். மனதில் ஒரு திட்டம் போட்டிருந்தார்: இதே வடிவத்தில் ஒரு பழைய ரிம்மைத் தேடிப் பிடித்து, பெயின்ட் அடித்து, ஏதாவது சாக்குச் சொல்லி யாருக்கும் தெரியாமல் மாற்றிவிட வேண்டும். பழைய வண்டிகளை உடைக்கிற இடமெல்லாம் ஏறி இறங்கினார். ஐந்து ஆரக்கால் வைத்த ரிம் கிடைத்தது, பத்து கால் வைத்தது கிடைத்தது. சம்பந்தியின் வண்டிக்கு ஏழு கால். அது மட்டும் கண்ணில் படவில்லை. நாள் போய்க்கொண்டே இருந்தது.

தினமும் மகளுக்கு ஃபோன் போட்டார். "வண்டி எப்படிம்மா ஓடுது? ஆட்டம் ஏதாவது இருக்கா?"

"நல்லாத்தான்ப்பா ஓடுது. ஏன் தினமும் இதையே கேக்கறீங்க? எப்படி இருக்கேன்னு என்னைக் கேக்க மாட்டீங்களா?" என்று அவள் சிரித்தாள். அப்புறம் குரலைத் தாழ்த்தினாள். "இங்க ஒரே ரகளைப்பா. மாமா அவரை வண்டியைத் தொடவே விடறதில்ல. இப்ப மாமாதான் என்னைத் தினமும் ஆபீஸ்ல கொண்டுவந்து விடறாரு. நானும் அவரை நல்லாக் கேட்டுட்டேன். குழியில விட்டா விட்டேன்னு ஒத்துக்க வேண்டியதுதானே? மெதுவாத்தான் போனேன், மெதுவாத்தான் போனேன்னு சாதிக்கறாரு. தப்புப் பண்றதுகூடப் பரவாயில்லப்பா. பொய் சொல்றாரு பாருங்க, அதுதான் எனக்குத் தாங்கல. நாலு நாளா நான் அவர்கூடப் பேசறதில்ல."

"விடும்மா. சின்ன விஷயம்."

"உங்களுக்கு எல்லாமே சின்ன விஷயம். உங்க வேலையை யாராவது குறை சொன்னா எனக்கு ஆகாது."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது ரிம்காரருக்கு. ஃபோனை வைத்துவிட்டு, கழுவிய கையையே மறுபடி போய்க் கழுவினார். கண்ணாடி பார்க்கப் பிடிக்கவில்லை. நாலு நாள் தாடியோடு அலைந்தார். பட்டறையில் யாரையும் அதட்டவில்லை. ஈரமான ரிம்மில் ஒருத்தன் விரலே வைத்துவிட்டான். "தொடாதே" என்று கத்த வாயெடுத்தவர், அப்படியே அடக்கிக்கொண்டார். நீ யாரய்யா என்னைச் சொல்ல என்று அவன் கேட்டுவிட்டால்? அவனுக்கு ஒன்றும் தெரியாது. இருந்தாலும் பயம்.

பதினோராவது நாள் சாயங்காலம் தட்டின் முன்னால் உட்கார்ந்து சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"பிசைஞ்சு பிசைஞ்சு அதுக்கே வலிக்கப் போகுது. சாப்பிடுங்க" என்றாள் மனைவி. "பொண்ணு ஃபோன் பண்ணினா. சம்பந்தியோட அக்காவுக்கு உடம்பு முடியலையாம். நாளைக்குக் காலைல எல்லாருமா வண்டியிலயே கிளம்பறாங்களாம். நாலு மணி நேரமாகுமாம், நெடுஞ்சாலை. இவளுக்குத்தான் பின்னாடி உட்கார்ந்தா தலை சுத்துமே, முன்னாடி உட்காரச் சொல்லிட்டாராம் சம்பந்தி. தங்கமான மனுஷர்."

ரிம்காரர் பிசைந்த சாப்பாட்டை அப்படியே விட்டார். எழுந்து போய்ச் சம்பந்தியை ஃபோனில் கூப்பிட்டார். "சொல்லுங்க சம்பந்தி!" என்று அந்த மனிதர் உற்சாகமாகக் குரல் கொடுத்ததும் பேச்சை மாற்றிவிட்டார். "ஒண்ணுமில்ல... டயர்ல காத்து சரியா இருக்கான்னு பார்த்துக்கங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். வைத்த கையைப் பார்க்கவே அவருக்கு அருவருப்பாக இருந்தது. இப்படியும் ஒரு பிறவியா என்று தன்னையே திட்டிக்கொண்டார். சத்தமாகவே திட்டியிருக்க வேண்டும், "யாரைச் சொல்றீங்க?" என்று மனைவி உள்ளேயிருந்து கேட்டாள்.

மறுநாள் விடிந்ததும் ஜாக்கியையும் ஸ்பேனரையும் வேனில் போட்டுக்கொண்டு கிளம்பினார். வழியெல்லாம் ஒத்திகை. எந்த வார்த்தையை முதலில் சொல்வது, எதை அப்புறம் சொல்வது என்று அடுக்கி அடுக்கிப் பார்த்தார். சம்பந்தி வீட்டுத் தெருவில் திரும்பியபோது கார் வாசலில் நின்றிருந்தது. டிக்கியில் பைகளை அடுக்கிக்கொண்டிருந்தார் சம்பந்தி. மாப்பிள்ளை பின் இருக்கையில், சம்பந்தியம்மாள் பக்கத்தில். மகள் முன் இருக்கையில் பெல்ட்கூடப் போட்டாகிவிட்டது.

அடுக்கிவைத்த வார்த்தை ஒன்றும் வாயில் வரவில்லை. முன்கதவைத் திறந்து, "இறங்கும்மா" என்றார்.

"என்னப்பா? அம்மாவுக்கு ஏதாவது..."

"அம்மாவுக்கு ஒண்ணுமில்ல. நீ இறங்கு. எல்லாரும் இறங்குங்க."

எல்லோரும் இறங்கி நின்றார்கள். ரிம்காரர் சக்கரத்தைப் பார்த்தே பேசினார். முகம் பார்த்துப் பேச முடியவில்லை.

"இந்த ரிம்முக்குப் பலம் கிடையாது சம்பந்தி. பூச்சு வரலைன்னு அடுப்புல வச்சு அளவுக்கு மேல சுட்டுட்டேன். நான்தான் பண்ணினேன். வேற யாரும் இல்ல. சும்மா ஒரு குழியில இறங்கினாலே வளையும். வேகத்துல போனா உடைஞ்சே போகும். மாப்பிள்ளை மேல ஒரு தப்பும் இல்ல. அவர் மெதுவாத்தான் போயிருக்காரு."

சம்பந்திதான் முதலில் வாயைத் திறந்தார். சொன்னேனே, நல்ல மனிதர் என்று. அந்த நல்லதனத்தைத்தான் ரிம்காரரால் தாங்க முடியவில்லை.

"அடடா, இதுக்கா இப்படி வேர்த்து விறுவிறுத்து ஓடி வந்தீங்க? வேலைன்னா கை தவறத்தான் செய்யும் சம்பந்தி. தெரிஞ்ச உடனே விடிஞ்சதும் விடியாததுமா வந்து நிக்கறீங்களே, எவன் வருவான்? நேத்துத்தான் கண்டுபிடிச்சீங்களா? அதான் ஃபோன்ல ஒரு மாதிரி பேசினீங்க."

"பின்னே மாமா? முன்னாடியே தெரிஞ்சிருந்தா எங்கப்பா விட்டிருப்பாரா?" என்றாள் மகள். கண்ணில் பெருமை. அப்பாவின் தோளில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டு, கையை அங்கேயே வைத்துக்கொண்டாள்.

தலையை ஒரு முறை ஆட்டினால் போதும். 'ஆமாம், நேத்துத்தான்.' எல்லாம் முடிந்தது. ரிம்மும் கழன்றுவிடும், உயிருக்கும் பயமில்லை, மாப்பிள்ளைக்கும் நியாயம் கிடைத்தாயிற்று, அவர் மானமும் கப்பலேறாது. கதவை அவர்களே திறந்துவிட்டிருக்கிறார்கள். அவர் நிமிர்ந்தார். எதிரே மாப்பிள்ளை நின்றிருந்தான். அன்றைக்குப் பட்டறையில் அரம் இழுத்ததும் அவர் கை நின்றதை அவன் பார்த்திருந்தான். பார்த்தவன் பார்த்த மாதிரியே இப்போதும் நின்றான்.

"நேத்து இல்ல" என்றார் ரிம்காரர். குரல் அவருக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னார். "நேத்து இல்ல. நீங்க பட்டறைக்குக் கொண்டுவந்தீங்களே, அன்னிக்கே தெரியும். அரம் வச்ச உடனே தெரிஞ்சிடுச்சு. தெரிஞ்சுதான் மாப்பிள்ளை மேல பழியைப் போட்டேன். தெரிஞ்சுதான் திரும்ப மாட்டிக் குடுத்தேன். வெளிய தெரியாம மாத்திடலாம்னு பார்த்தேன். கிடைக்கல."

சம்பந்தியின் முகத்தில் இருந்த சிரிப்பு போன இடம் தெரியவில்லை. அவர் ஏதோ கணக்குப் போடுவது தெரிந்தது.

"பன்னெண்டு நாள் ஆச்சு" என்றார் மெல்ல. "தினமும் நான்தான் இவளை ஆபீஸ்ல விட்டேன். பாலத்து மேல. இந்த சீட்லதான் உட்கார்ந்திருந்தா. உங்க பொண்ணு, சம்பந்தி."

"ஆமா."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

ரிம்காரர் தோளில் இருந்த மகளின் கை எப்போது எடுபட்டது என்று தெரியவில்லை. திரும்பிப் பார்த்தபோது அவள் இரண்டடி தள்ளி நின்றிருந்தாள். அழவில்லை. கோபமாகவும் இல்லை. தெரியாத ஒருவர் வீடு மாறி வந்து நிற்பதைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சத்தக்காரர் என்று பெயரெடுத்த சம்பந்தி சத்தமே போடவில்லை. சட்டைப் பையிலிருந்து கார்ச் சாவியை எடுத்தார், மகன் கையைப் பிடித்து அதில் வைத்து மூடினார். "டேய்..." என்று ஆரம்பித்தார். முடிக்காமலே, அக்காவுக்கு ஃபோன் பண்ண வேண்டும் என்று உள்ளே போய்விட்டார். சம்பந்தியம்மாளும் பையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள்.

"ஜாக்கியை நான் வைக்கட்டுமா மாமா?" என்றான் மாப்பிள்ளை.

இரண்டு பேரும் குனிந்து வேலை பார்த்தார்கள். ஒரு வசவு, ஒரு குத்தல் பேச்சு, ஒன்றாவது வந்தால் தேவலை என்றிருந்தது ரிம்காரருக்கு. அவன் நட்டுகளை ஒவ்வொன்றாக வாங்கித் துணியில் வைத்தான், ஸ்டெப்னியை உருட்டிக்கொண்டு வந்து பிடித்துக் கொடுத்தான். "மன்னிச்சிடுங்க மாப்பிள்ளை" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். "பரவாயில்ல மாமா" என்றான். அது இன்னும் மோசமாக இருந்தது. கழற்றிய ரிம்மை வேனில் தூக்கிப் போட்டபோது வெயில் பட்டு அது ஜொலித்தது. பட்டறைக்குப் போனதும் முதல் வேலையாக அதை இரண்டாக அறுத்துப் போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

மாப்பிள்ளை கை கழுவ உள்ளே போனான். ரிம்காரர் வாசலிலிருந்த குழாயடியில் கழுவிக்கொண்டார். வேட்டி நுனியில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மகள் கதவருகில் வந்து நின்றாள்.

"டீ போடறேன்" என்றாள். கொஞ்சம் தயங்கினாள். "உங்களுக்குச் சர்க்கரை போடலாமா?"

பதினைந்து வருடமாக அவருக்குச் சர்க்கரை கிடையாது. டாக்டர் சொன்ன அன்றைக்கே, பத்து வயதில், சர்க்கரை டப்பாவை அவர் கைக்கு எட்டாத உயரத்தில் நாற்காலி போட்டு ஏறி ஒளித்துவைத்தவள் இவள்தான். அன்றிலிருந்து கல்யாணம் ஆகும் வரை அவருக்கு டீ போட்டுக் கொடுத்தவளும் இவள்தான்.

"வேண்டாம்மா" என்றார்.

"சரி" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். உள்ளே அவள் மாப்பிள்ளையிடம் தாழ்ந்த குரலில் ஏதோ பேசுவது கேட்டது. அவன் ஏதோ பதில் சொன்னான். பேச ஆரம்பித்துவிட்டார்கள், அந்த மட்டும் நல்லது. ரிம்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே போகாமல் வாசற்படியிலேயே நின்றார், யாராவது வந்து 'உள்ள வாங்க' என்று கூப்பிடட்டும் என்று.